போர்ச் செய்தியும் மன அமைதியும்

போர்க்காலத்தில் செய்தி அறிய விழைவது மனித இயல்பு. துன்புறுவோரின் நிலை யாதாயிற்று என்று கேளாதிருத்தல் ஈர நெஞ்சினர்க்கு இயலாத காரியம். ஆயினும் செய்தியை அறிதல் வேறு. அதனை ஓயாது பார்த்துக்கொண்டே இருத்தல் வேறு. இவ்வேற்றுமையை உணர்வது இக்காலக் குடும்பங்களுக்கு இன்றியமையாததாகிவிட்டது.

அம்பாறை மாவட்டத்தில், இறக்காமத்தை அடுத்து அமைந்துள்ளது வரிப்பத்தான்சேனை. வயல்களை நம்பி வாழும் முஸ்லிம் மக்களின் ஊர் அது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களைப் போன்றே இவ்வூரார்க்கும் போர் என்பது தொலைவில் நிகழும் கதையன்று. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் ஏறாவூரிலும் கொலைகள் நிகழ்ந்தன. 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடியும்வரை அச்சமின்றி உறங்கிய இரவுகள் கிழக்கிலங்கை மக்களுக்கு அரிது.

அந்நாள்களில் செய்திக்கென்று ஒரு வேளை இருந்தது. இலங்கை வானொலி குறித்த நேரத்தில் செய்தி சொல்லிற்று. இரவானதும் லண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை ஒலித்தது. 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் வரை வானலையில் நிலைத்த சேவை அது. செய்தி முடிந்ததும் பெட்டி மூடப்பட்டது. வீட்டார் கேட்டதைக் குறித்துப் பேசினர். அயலாரோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். இறைவனை இறைஞ்சிப் படுத்தனர். அச்சம் அன்றும் இருந்தது. ஆனால் அவ்வச்சத்திற்கு ஓர் எல்லை இருந்தது.

அவ்வெல்லையை அழித்தது இருபத்துநான்கு மணிநேரத் தொலைக்காட்சி. 1980இல் அமெரிக்காவில் சி.என்.என். தோன்றிற்று. 1991 ஜனவரி 17ஆம் நாள் பாக்தாத் நகர்மீது குண்டுகள் விழுந்தபோது, அதன் செய்தியாளர்கள் அந்நகர விடுதியொன்றிலிருந்து அக்கணமே உலகிற்கு அறிவித்தனர். 1996இல் கத்தாரில் அல்ஜஸீரா தொடங்கப்பெற்றது. இன்றோ அக்காட்சிகள் கைத்தொலைபேசி வழியே படுக்கைவரை வந்துவிட்டன.

இத்தகைய ஒளிபரப்பின் இயல்பை அறிந்துகொள்ளல் நலம். ஒரு நாளில் புதிதாக நிகழ்வனவும் உறுதிப்படுவனவும் சிலவே. அவற்றைச் சொல்ல அரைமணி நேரம் போதும். எஞ்சிய நேரத்தை நிரப்பப் பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. காலையில் இடிந்த கட்டடம் மாலைக்குள் பன்முறை இடிகிறது. அறிவுக்கு அது ஒரே நிகழ்ச்சி. நெஞ்சுக்கோ ஒவ்வொரு முறையும் புதிய அடி. சிறு குழந்தையோ அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வீடென்றே எண்ணக்கூடும்.

இதனை ஆய்வும் உறுதிசெய்கிறது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஓட்டப்பந்தயத்தில் குண்டுகள் வெடித்தன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4,600க்கு மேற்பட்டோரிடம் வினவினர். அந்நிகழ்ச்சி பற்றிய செய்திகளில் நாளொன்றுக்கு ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ மூழ்கியிருந்தோர், வெடித்த இடத்தின் அருகே இருந்தோரைவிட மிகுதியான மன நெருக்கடியைத் தெரிவித்தனர். கலங்கியவர் மேலும் பார்க்கிறார், பார்ப்பவர் மேலும் கலங்குகிறார் என்னும் சுழலை 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

எனினும் இங்கு ஒரு தடை எழுகின்றது. 2023 அக்டோபரில் காஸாவில் போர் மூண்டபின் வரிப்பத்தான்சேனை போன்ற ஊர்களில் தொலைக்காட்சியை அணைப்பதே பலருக்குக் குற்றமாகத் தோன்றிற்று. “அவர்கள் துன்புறுகையில் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதா?” என்பதே அவர்களின் வினா. அவ்வினா இரக்கத்தின் பாற்பட்டது, இகழத்தக்கதன்று. ஆனால் பார்ப்பதால் மட்டும் எவர் பசியும் தீர்வதில்லை. கூடத்தில் காட்சி ஓட, சமையலும் உணவும் வீட்டுப் பேச்சும் அதனூடே நடக்குமாயின், பிறர் மரணம் வீட்டின் இரைச்சல்களுள் ஒன்றாகிவிடுகிறது. அப்போரில் செய்தி திரட்டச் சென்ற செய்தியாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிரைக் கொடுத்து அனுப்பிய செய்திக்கு நாள் முழுவதும் அரைக் கவனத்தைத் தருவதினும், அரைமணி நேரம் முழுக் கவனத்தைத் தருவதே மரியாதை.

ஆகவே செய்திக்கு வேளை வகுத்தல் முதற்கடமை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் உலக சுகாதார நிறுவனமும், நாளுக்கு ஓரிரு முறை குறித்த நேரத்தில் செய்தி அறிந்தால் போதும் என்றே அறிவுறுத்திற்று. ஐவேளைத் தொழுகையால் நாளை வகுத்து வாழும் மக்களுக்கு இது அரிதன்று. அஸருக்குப்பின் ஒரு வேளை, இஷாவுக்குப்பின் ஒரு வேளை எனக் கொள்ளலாம், உறங்குமுன் வேண்டாம். சிறுவர் இருக்கும் கூடத்தில் குருதிக் காட்சிகள் ஆகா. அவர்கள் கேட்டால் வாப்பாவோ உம்மாவோ அருகில் அமர்த்தி, நிகழ்ந்ததை எளிய சொற்களில் உண்மையாகச் சொல்லவேண்டும். மறைத்தல் அச்சத்தை வளர்க்கும்.

இரண்டாவது, தன் வீட்டுக்கு வேண்டிய செய்தியைப் பிரித்தறிதல். 2025 ஜூன் 23ஆம் நாள் கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளைச் செலுத்தியது. அந்நாட்டின் வான்வழி சிறிது நேரம் மூடப்பட்டது. அங்குத் தொழில் புரியும் மகனின் நலத்தை எந்தத் தொலைக்காட்சியும் சொல்லாது. இரவெல்லாம் திரையை நோக்கியிருக்கும் தாய்க்கு, அவன் குரலை ஒருமுறை கேட்பதே மெய்யான செய்தி.

மூன்றாவது, கேட்டதைத் தீர விசாரித்தல். 2018 பிப்ரவரியில் அம்பாறை நகரில் உணவகமொன்றின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாக எழுந்த வதந்தியால் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டியே என்று பின்னர்ச் சோதனையில் தெரிந்தது. கொண்டுவரப்பட்ட செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயமும் பணிக்கின்றது. உறுதிப்படாத காட்சியைப் பிறர்க்கு அனுப்பாமல் நிறுத்துவதும் ஓர் அறமே.

இறுதியாக, ஒவ்வொரு செய்தி வேளையின் முடிவிலும் ஒரு செயல் அமைதல் நன்று. அது துஆவாக இருக்கலாம், இயன்ற ஸதக்காவாக இருக்கலாம், அயலிலே போரால் துணையிழந்து வாழும் முதியவளை நலம் விசாரிப்பதாகவும் இருக்கலாம். செயலாக மாறாத துயரம் உள்ளத்தை அரிக்கும். செயலாக மாறிய துயரமோ துன்புற்றோர்க்குத் துணையாகும்.