பட்டியலைப் படித்துவிட்டு 'ஒய்' தட்டுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான். லினக்ஸ் என்றாலே "நமக்கு வராதுப்பா" என்று ஒதுங்கும் தம்பி தங்கைகளுக்காக ஒரு சொந்தக் கதை.

எங்கள் தொழிற்சாலையில் உலையின் வெப்பத்தைப் பதிவு செய்யும் கணினியில் உபுண்டு இருந்தது. ஓர் இரவு ஷிப்டில் பைத்தான் தகராறு செய்தது. எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, 'சுடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' என்று அடித்தேன். எவையெல்லாம் நீக்கப்படும் என்று திரை நிறையப் பட்டியல் வந்தது. தொடரலாமா என்றும் கேட்டது. படிக்காமலே 'ஒய்' தட்டினேன். கணினியை மறுபடி இயக்கினால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள்!

காலையில் மேலாளர், "தம்பி, ராத்திரி ரீடிங் எங்கே?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. அந்தச் சரக்கை மறுபடி சோதித்த பிறகே அனுப்ப முடிந்தது.

நடந்தது இதுதான். உபுண்டுவின் முகப்புத் திரைக்கு வேண்டிய பல மென்பொருள்கள் பைத்தானை நம்பி நிற்பவை. அஸ்திவாரத்தை எடுத்தால் மேல்தளமும் போகத்தானே செய்யும்?

ஒரு காலத்தில் எது எதற்குத் தேவை என்று நாமே தேடி, ஒவ்வொன்றாகப் போட வேண்டியிருந்தது. 1999-ல் டெபியன் 2.1-உடன் வந்த ஆப்ட் அந்தத் தேடலைத் தானே ஏற்றுக்கொண்டது. என்னைக் காப்பாற்றியதும் அதுதான். நீக்கியவை அனைத்தும் அதன் பதிவேட்டில் இருந்தன. இணையக் கேபிளைச் செருகி, அவற்றை மறுபடி நிறுவினேன்.

புதியவர்களுக்கு மூன்றே சொல். 'அப்டேட்' பட்டியலைப் புதுப்பிக்கும். 'அப்கிரேட்' மென்பொருளைப் புதுப்பிக்கும். 'இன்ஸ்டால்' வேண்டியதைக் கொண்டுவரும். தட்டச்சு பயமென்றால் சினாப்டிக் இருக்கிறது. யாரோ தந்த 'சுடோ' கட்டளையைப் புரியாமல் ஒட்டாதீர்கள்.

2011-ல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில், சென்னை சி-டாக் டெபியனை வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. நம்மில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அப்படியொன்று பரணில் கிடந்தால் இறக்குங்கள். பழகிப் பாருங்கள். பட்டியலை மட்டும் படித்துவிடுங்கள்!