கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் வழக்கறிஞன் அல்லன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். இருந்தும் வீட்டுக் கடனைப் பற்றிப் பேச எனக்கொரு காரணம் உண்டு.

1998-இல் பொருளாதார நெருக்கடியின்போது என் மாணவன் ஒருவனின் தந்தைக்கு வேலை போயிற்று. வீட்டுத் தவணை ஐந்து மாதம் நின்றது. மலாய் மொழியில் வந்த கடிதமொன்றை அவர் என்னிடம் கொண்டு வந்தார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “பயப்படாதீர்கள், வங்கி பொறுக்கும்” என்றேன். அவரும் நம்பி, அதைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அடுத்து வந்த கடிதங்களைப் பிரிக்கவேயில்லை. மறு ஆண்டு வீடு ஏலம் போயிற்று. அந்த முதல் கடிதம் கெடு வைத்த அறிவிப்பு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அன்பர்களே, தீபகற்ப மலேசியாவில் 1965-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய நிலச் சட்டத்தின்படி, பட்டாவை அடமானமாகப் பதிவு செய்துள்ள வங்கி நினைத்தவுடன் வீட்டை விற்றுவிட முடியாது. தவணை தவறினால் முதலில் பாரம் 16டி அனுப்ப வேண்டும். நிலுவையைக் கட்ட அதில் பொதுவாக ஒரு மாதம், அல்லது அடமானப் பத்திரத்தில் குறித்த காலம் தரப்படும். அந்த நாட்களே நமக்குப் பொன்னான நாட்கள். உடனே வங்கிக்குச் சென்று தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டிக்கவோ கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

கெடு கடந்தால், பட்டாவின் வகைக்கேற்ப வங்கி உயர் நீதிமன்றத்திடமோ நில அலுவலகத்திடமோ விற்பனை ஆணை கோரும். விசாரணைக்குத் தவறாமல் செல்லுங்கள். வேலை போன துயரம் மட்டும் ஏலத்தைத் தடுக்கப் போதிய காரணமாகாது. அறிவிப்பு முறைப்படி வந்து சேராதது போன்ற குறை இருந்தால் எடுத்துரைக்கலாம். அதற்கு வழக்கறிஞர் துணை தேவை. ஆணை பிறந்த பிறகும், விற்பனை முடிவதற்குள் கடன் முழுவதையும் செலவோடு செலுத்தி வீட்டை மீட்கச் சட்டம் இடமளிக்கிறது. ஏலத்தொகை போதாவிட்டால் மீதிக்கடன் நம் தலையில்தான் விழும் என்பதையும் மறவாதீர்கள். தனிப் பட்டா வெளிவராத வீடுகளுக்கு நடைமுறை வேறு. ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இந்த அவசரத்தில் வட்டி முதலைகளிடம் போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரே அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானமில்லாக் கடனுக்கு 18 விழுக்காடு என்ற வரம்பை மீறக்கூடாது. எவர் கேட்டாலும், நிரப்பப்படாத பாரம் 14ஏ-யில் கையொப்பமிடாதீர்கள். அது நில உரிமையை மாற்றிக் கொடுக்கும் பாரம்.

பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகவே வழங்குகிறது. வெட்கப்பட வேண்டாம். கடன் வாங்கியது குற்றமன்று. கடிதத்தை மறைத்து வைப்பதுதான் குடும்பத்துக்குக் கேடு.

மலாயில் வந்த கடிதம் புரியவில்லையா? ஆலய அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். தேதியையும் கெடுவையும் படித்துச் சொல்கிறேன். வழக்கறிஞரிடம் உடன் வருகிறேன். “வங்கி பொறுக்கும்” என்று மட்டும் இனி எவருக்கும் சொல்ல மாட்டேன்.