கல்லூரி உதவித்தொகையும் நம் வீட்டுக் காகிதங்களும்

(ஜமாஅத்தின் கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் சிறப்பைப் பற்றி இப்பள்ளிவாசலில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. இன்று நான் அதைப் பேசப் போவதில்லை. அதை மறுப்பவர் நம் ஜமாஅத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா, பனியன் கம்பெனிக்கு அனுப்புவதா என்ற கேள்வி ஒரு வீட்டில் எழும்போது, விடையைத் தீர்மானிப்பது கல்வியின் சிறப்பு அன்று. சனிக்கிழமை மாலை கைக்கு வரும் கூலியே. ஆகவே பணத்தைப் பற்றியே பேசுகிறேன்.

வேலை கிடைக்காத ஊர்களில் பிள்ளைகள் வேறு வழியின்றியேனும் கல்லூரிக்குப் போகின்றனர். திருப்பூரின் சோதனை வேறு. இங்கே பதினெட்டு வயது நிரம்பிய பையனுக்கு மறுநாள் காலையிலேயே செக்கிங்கிலோ அயர்னிங்கிலோ இடம் இருக்கிறது. ஓவர்லாக் பழகிவிட்டால் சில ஆண்டுகளில் பீஸ் ரேட்டில் தகப்பனாருக்குச் சமமாகச் சம்பாதிக்கிறான். ஒரு தாய் என்னிடம், "ஹஜ்ரத், மாசம் ஆயிரம் ரூபாய் கவர்மெண்டு தருதுன்னு சொல்றீங்க, அதை என் மகன் ரெண்டு மூணு நாள்ல கொண்டு வந்துடுவானே, வாடகையை யார் கொடுப்பா?" என்று கேட்டார். அவருடைய கணக்கில் பிழையில்லை. வாடகை என்பது அந்த வீட்டின் உண்மை. ஆனால் அது ஒரு மாதத்தின் கணக்கு. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோதும் முதலில் நின்றது வாரக் கூலிதான் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் பலர் அனுபவித்து அறிவீர்கள். மெஷினை மட்டுமே அறிந்த கைக்கு அத்தகைய நாட்களில் வேறு போக்கிடம் இருப்பதில்லை.

எனவே அந்தத் தாயின் கணக்கைச் சற்று நீட்டிப் பார்ப்போம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் அண்டை நகரமாகிய கோவையில் தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றோருக்கும் இவை உண்டு. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது 36,000 ரூபாய். வேறு உதவித்தொகை பெறுபவரும் இதனைப் பெறலாம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை பயிலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு இலவசக் கல்வித் திட்டத்தின் கீழ் வருமான நிபந்தனையின்றி உதவித்தொகை உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்குத்தான் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்திற்கு மிகாமல் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் நாலரை லட்சத்திற்குள் இருப்போருக்கு மத்திய அரசின் உயர்கல்வித் துறை இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. அதில் பாதி இடங்கள் பெண் பிள்ளைகளுக்கு. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியும் நம் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவ்வளவையும் கூட்டினாலும் ஒரு டெய்லரின் கூலிக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் கல்லூரிப் படிப்பு குடும்பத்தின் மீது கடனாக ஏறாமல் இருக்க இது போதும்.

கடன் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்விக் கடனைப் பற்றி என்னிடம் வந்து, வட்டியாயிற்றே என்று கலங்கி நிற்கும் பெற்றோர் பலர். அதே பெற்றோர், திருப்பித் தர வேண்டாத, வட்டியில்லாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காமல் கடைசித் தேதியைத் தவற விடுகின்றனர். இது எனக்கு விளங்குவதில்லை.

"அரசாங்கத்திடம் கையேந்துவதா?" என்று கூச்சப்படும் கௌரவமான குடும்பங்களும் நம்மிடையே உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இளமையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கி.பி. 1058-இல் தூஸ் நகரில் பிறந்த அவர்களின் தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்தவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்றே சொல்லலாம். அவர் இறக்கும்போது தம் இரு பிள்ளைகளையும் சிறிது பணத்தையும் ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். பணம் தீர்ந்தபோது அந்த நண்பர், மாணவர்களுக்கு உணவும் செலவும் கொடுக்கும் மதரஸாவில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று வழிகாட்டினார். அந்த உதவியைப் பெற்றுப் படித்த பிள்ளைதான் பின்னாளில் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியராக அமர்ந்தார். நிஜாமிய்யாவிலும் மாணவருக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. தேவையுள்ள மாணவன் பொதுநிதியிலிருந்து பெறுவது யாசகம் அன்று. அது அவனுக்கென ஒதுக்கப்பட்ட பங்கு. நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் செலுத்தும் வரியும் அந்நிதியில் கலந்திருக்கிறது.

அப்படியானால் இந்தப் பணம் நம் பிள்ளைகளிடம் வந்து சேராமல் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் காகிதத்தில். தேவைக்கேற்ற உதவி என்றால் தேவையை மெய்ப்பிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. வாரக் கூலியைக் கையில் வாங்குபவருக்கு, இன்று ஒரு கம்பெனி, ஆர்டர் முடிந்தால் வேறொரு கம்பெனி என்று இருப்பவருக்கு என்ன சான்று இருக்கிறது? ரேஷன் கார்டு தேனியில், ஆதார் திருப்பூரில், வாக்காளர் அட்டை இரண்டிலும் இல்லை என்ற நிலையில் நம் ஜமாஅத்திலேயே குடும்பங்கள் உள்ளன. உண்மையில் ஏழையாய் இருப்பவரே ஏழை என்று மெய்ப்பிக்க முடியாதவராய் நிற்கிறார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் அன்று. நாம் தைக்கும் பனியனை அணியும் அமெரிக்காவிலும் 1972 முதல் ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகை இருக்கிறது. அதற்கான படிவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்ததால் தகுதியுள்ள பலர் விண்ணப்பிக்காமலே விட்டனர். பிறகு 2020-இல் சட்டம் இயற்றிக் கேள்விகளைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள்.

நம் வீடுகளின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கவனியுங்கள். முதலாவது பெயர். மதிப்பெண் பட்டியலில் முஹம்மது, ஆதாரில் முகமது, வங்கியில் வெறும் எம் என்ற ஓர் எழுத்து. கணினிக்கு இம்மூவரும் மூன்று மனிதர்கள். அகீகாவில் அழகாக வைத்த பெயரை அலுவலகத்தில் மூன்று விதமாக எழுதியது நம்முடைய கவனக்குறைவே. அடுத்தது சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-இல் தனியாக 3.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சார், தூதேகுலா என்பன பட்டியலில் உள்ள பிரிவுகள். சான்றிதழில் பிரிவு சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். வருமானச் சான்றிதழைப் பழையது இருக்கிறது என்று பெட்டியில் வைத்திருக்காதீர்கள். அதன் காலம் முடிந்திருக்கும். வங்கி விஷயம் இன்னும் நுட்பமானது. கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகலைக் கொடுத்தோம் என்பது வேறு. அரசு அனுப்பும் பணம் வந்து சேரும் கணக்காக அதை ஆதாருடன் இணைப்பது வேறு. வங்கிக்குச் சென்று இரண்டாவதைக் கேட்டுப் பெற வேண்டும்.

பொய்யான வருமானத்தைக் காட்டுவோரைப் பற்றியும் பேசாதிருக்க இயலாது. சொந்தமாக இரண்டு செக்கிங் யூனிட் நடத்துபவர் ஆண்டு வருமானம் 72,000 என்று எழுதி வாங்கினால், அது அரசை ஏமாற்றுவது மட்டும் அன்று. அடுத்த தெருவில் கைமடிக்கும் விதவையின் பிள்ளைக்குரிய இடத்தை எடுத்துக்கொள்வது. அந்தக் கேள்வி மறுமையிலும் உண்டு. கையேந்தாத காரணத்தால் அறியாதவர் செல்வர் என எண்ணும் ஏழைகளைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தில் வருவதை நீங்கள் ஓதியிருக்கிறீர்கள். அவர்களைத் தேடிச் சென்று விண்ணப்பிக்கச் செய்வது ஜமாஅத்தின் வேலை.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதிலும் யோசனை வேண்டும். கடன் வாங்கிப் பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், மாதம் ஆயிரமும் போகிறது. தொழிற்படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் போகிறது. இன்னொன்றை நானே சொல்ல வேண்டும். ஹிப்ழுக்காகப் பிள்ளையை இடையில் பள்ளியிலிருந்து நிறுத்துகிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை தொடர்ச்சி அறுந்தால் இத்தகுதி கிடைப்பது கடினம். குர்ஆனை மனனம் செய்வது பெரும் பாக்கியம்; ஐந்தாம் வகுப்புக்குள் தொடங்குவதா, பள்ளியைத் தொடர்ந்துகொண்டே ஓத வைப்பதா என்பதை உஸ்தாதுகளுடன் அமர்ந்து முடிவு செய்யுங்கள். நானும் மதரஸாவில் வளர்ந்தவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

சச்சார் குழு அறிக்கைக்குப் பின் 2007-08-இல் வந்த மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகையை நம்பியே பலர் இருக்கிறீர்கள். 2022 இறுதியில் அத்திட்டங்களில் சில குறைக்கப்பட்டன. எட்டாம் வகுப்பு வரையிலானதும், ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் நிறுத்தப்பட்டன. ஆகவே பழைய செய்தியை வைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே கேளுங்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் கலந்தாய்வு மூலம் சேரும் முதல் பட்டதாரிக்கு வருமான வரம்பின்றிக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பதையும் மறவாதீர்கள். குடும்பத்தில் ஒருவருக்கே அது.

நிர்வாகிகளிடம் கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் வரும் ஞாயிறு முதல் நான்கு வாரங்கள் அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் நம் கல்லூரி மாணவர்கள் இருவர் அமர்ந்திருப்பார்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் காகிதங்களையும் இப்போதே கொண்டு வாருங்கள். பெயர்த் திருத்தத்திற்கு இரண்டாண்டு அவகாசம் கிடைக்கும். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுச் செல்ல வேண்டாம், நகல் போதும். செல்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை, எங்களிடம் கூட, வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். ஷிப்ட் முடிந்து தாமதமாக வருவோர் மஃரிபுக்குப் பின்னும் வரலாம்.