கணக்கில் வராத பாதரசம்

(கொடைக்கானலில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு: 'வளரும் நாடுகளில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும் லாபமும்'. வணிக நிர்வாகத் துறையில் இது பழைய கேள்வி. ஒரு கம்பெனி சமூகத்துக்கு நல்லது செய்தால் அதன் லாபம் கூடுமா, குறையுமா? முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்தக் கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டவற்றைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். ஆனால் கொடைக்கானலில் நின்று பேசும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. லாபம் கூடியதா என்பது இருக்கட்டும். அந்த லாபக் கணக்கில் எழுதப்படாமல் போன செலவு எது? அதை யாருடைய உடம்பு கட்டியது?

முதலில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடுவோம். சட்டத்துக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்று 1970இல் மில்டன் ஃப்ரீட்மேன் எழுதினார். அவருக்குப் பதில் சொல்லக் கிளம்பியவர்கள், 'நல்லது செய்தாலும் லாபம் வரும்' என்று நிரூபிக்க இறங்கினார்கள். 1972 முதல் 2002 வரை இப்படி வந்த 127 ஆய்வுகளை மார்கோலிஸ், வால்ஷ் என்ற இருவர் 2003இல் பட்டியல் போட்டார்கள். 2015இல் ஃப்ரீடே, புஷ், பாஸன் மூவரும் சுமார் 2,200 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, சமூகப் பொறுப்பால் நட்டம் என்று சொல்லவில்லை என்றார்கள். இதில் எது காரணம், எது விளைவு என்ற சண்டையும் உண்டு. லாபத்தில் கொழிக்கும் கம்பெனியிடம்தானே பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்க உபரிப் பணம் இருக்கும்? வாடக், கிரேவ்ஸ் இருவரும் 1997இலேயே உறவு இரண்டு பக்கமும் ஓடுகிறது என்று காட்டினார்கள்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு எண்களைத்தான் ஒப்பிடுகின்றன. ஒன்று, கம்பெனி செய்ததாகப் பதிவான நல்லது. இன்னொன்று, கணக்குப் புத்தகம் காட்டும் லாபம். இந்த இரண்டிலும் வராத ஒன்று இருந்தால்? அதற்கு நாம் இந்த ஊர்க் கதைக்குத்தான் வர வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1980களின் தொடக்கத்தில் அந்த ஆலை அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் பிறகு யூனிலீவர் கைக்குப் போனது. இந்தியாவில் 1998இல் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. அதுதான் இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர். பாதரசம் வெளிநாட்டிலிருந்து இங்கே வந்தது. தெர்மாமீட்டர் இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனது. இடையில் சிந்தியது இந்த மலையில் தங்கியது.

பாதரசத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சுவாசத்தோடு உள்ளே போய் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், கண்டறிந்தால் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களில் பாதரச நச்சும் ஒன்றாக இருந்தது.

2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் கிடப்பதை ஊர் மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டு வந்தார்கள். மக்கள் திரண்டார்கள். ஆலை மூடப்பட்டது. தன் நடைமுறைகளை மீறிக் கழிவு வெளியே விற்கப்பட்டதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. ஆனால் மண்ணில் இறங்கிய பாதரசம் கப்பலேறவில்லை. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. சோலைக்காட்டின் தலைமாட்டில் இது மிகவும் தளர்வான அளவு, யூனிலீவரின் தாய்நாட்டில் இதை ஏற்பார்களா என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். ஆலை மூடி 17 ஆண்டுகள் கழித்து, 2018இலும் அந்த வாதம் தீர்ப்பாயத்தில் நடந்துகொண்டிருந்தது.

தொழிலாளர்கள் கதை இன்னும் நீளம். தங்களுக்கும் குடும்பத்துக்கும் வந்த நோய்களுக்கு ஆலைதான் காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலைச் சூழலால் யாருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்று கம்பெனி மறுத்துக்கொண்டே இருந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை. அதைக் கம்பெனி 'கருணைத் தொகை' என்றே குறித்தது. இந்தச் சொல்லை மனதில் வையுங்கள். இழப்பீடு என்றால் அது உரிமை. கருணைத் தொகை என்றால் அது கொடை.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஆலை மூடப்பட்ட காலத்தை ஒட்டித்தான் அதே கம்பெனி 'சக்தி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் மூலம் சோப்பும் ஷாம்பும் விற்பார்கள். அவர்களுக்கு வருமானம், கம்பெனிக்குச் சந்தை. கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் அறிஞர் சி.கே. பிரகலாத், ஏழைகளிடம் வியாபாரம் செய்வதே ஏழ்மைக்கு மருந்து என்று வாதிட்டு 2004இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் இந்துஸ்தான் லீவர் முக்கிய உதாரணம். அந்த உதாரணம் உலகமெங்கும் வணிகப் பள்ளிகளில் பாடமானது. 2010இல் யூனிலீவர் 'நீடித்த வாழ்வுத் திட்டம்' அறிவித்தது. 2015இல் அதன் தலைமைச் செயல் அதிகாரி பால் போல்மனுக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 'புவியின் நாயகர்கள்' விருது கொடுத்தது. அந்த விருது வந்தபோது கொடைக்கானல் தொழிலாளர்களின் வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தது.

சக்தி திட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதனால் வருமானம் பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே காலம், இரண்டு கணக்கு. நல்லதெல்லாம் அறிக்கையில் ஏறுகிறது. கெட்டது 'பழைய விவகாரம்' என்று ஒதுக்கப்படுகிறது. பிறகு நம் ஆய்வாளர் வந்து, அறிக்கையில் ஏறியதை லாபத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் நல்ல உறவு இருக்கிறது என்கிறார். இருக்கத்தானே செய்யும்?

சமூகப் பொறுப்பு லாபத்துக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு ஆய்வுலகம் சொல்லும் ஒரு விளக்கம் நேர்மையானது. அது ஒரு காப்பீடு. இன்று சேர்த்துவைக்கும் நல்ல பெயர், நாளை சிக்கல் வரும்போது அடியைத் தாங்கும். கொடைக்கானலில் அந்தக் காப்பீடு எப்போது ஓட்டையானது? 2015 ஜூலை இறுதியில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி வந்தது. பல லட்சம் பேர் பார்த்தார்கள். கம்பெனித் தலைவரே சமூக ஊடகத்தில் பதில் சொல்ல வேண்டிவந்தது. எட்டு மாதத்துக்குள் உடன்பாடு. பாட்டு மட்டும் இதைச் செய்துவிடவில்லை. 15 ஆண்டுகள் கலையாமல் நின்ற தொழிலாளர்கள் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுக்குப் பொருளே இல்லை. ஆனாலும் வரிசை நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. நற்பெயருக்கும் பணத்துக்கும் உள்ள உறவை இங்கே தொழிலாளர்களுக்குச் சாதகமாக வேலை செய்ய வைத்தது கம்பெனியின் மனசாட்சி அல்ல, போராட்டம்.

அடுத்து சட்டத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டம் வந்ததால், செலவிட வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளான கம்பெனிகளின் பங்கு விலை சராசரியாக 4.1 விழுக்காடு சரிந்தது என்று மஞ்சிராஜு, ராஜகோபால் இருவரின் 2017 ஆய்வு காட்டியது. நல்லது செய்தால் லாபம் என்று மேடையில் பேசும் அதே சந்தை, நல்லது கட்டாயமானதும் முகம் சுளித்தது.

இந்தச் சட்டத்தின் விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். தன் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் செலவைக் கம்பெனி சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்ட முடியாது. அது சரியான விதிதான். தொழிலாளருக்குச் செய்ய வேண்டியது கடமை, தர்மம் அல்ல. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? புகைப்படமும் ஆண்டறிக்கையும் விருதும் 2 விழுக்காட்டுக்குத்தான். மீதி 98 விழுக்காடு எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பதை அந்த அறிக்கை கேட்பதே இல்லை.

சரி, இதில் சாதி எங்கே வருகிறது? நேரடியாகவே வருகிறது.

1991இல் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார வல்லுநர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையொப்பமிட்ட உள்குறிப்பு ஒன்று கசிந்தது. நோயால் இழக்கும் வருமானம் எங்கே மிகக் குறைவோ, அங்கே நச்சுக் கழிவைக் கொண்டுபோவதே பொருளாதாரக் கணக்குப்படி சரி என்றது அது. கிண்டலாக எழுதியது என்று பிறகு விளக்கம் வந்தது. கிண்டலோ இல்லையோ, வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானல் வரும் வழியை அந்தக் கணக்கு விளக்குகிறது. உடம்பின் விலையைக் கூலி தீர்மானிக்கிறது. நம் நாட்டில் கூலியைத் தீர்மானிப்பது எது? எந்த வேலைக்கு யார், எந்தக் கூலிக்கு என்று பல நூற்றாண்டுகளாகப் பிரித்துவைத்திருப்பது எது? உலகச் சந்தை நாடுகளுக்கு இடையில் செய்யும் கணக்கைச் சாதி ஊருக்குள்ளேயே செய்து முடித்துவிட்டது.

2013இல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. மனிதக் கழிவைக் கையால் அள்ள வைப்பதைத் தடைசெய்து, அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மறுவாழ்வு தரச் சொல்லும் சட்டம். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தூய்மை இந்தியா நிதி இருக்கிறது. கம்பெனிகள் கழிவறை கட்டிக் கொடுத்துப் பலகை வைக்கின்றன. அந்தக் கழிவறையின் தொட்டி நிறைந்தால் உள்ளே இறங்குவது யார்? பலகையில் அந்தப் பெயர் இல்லை.

இந்தப் பணத்தை யார் பகிர்ந்தளிக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சட்டப்படி அதற்கான குழுவில் இருப்பவர்கள் கம்பெனியின் இயக்குநர்கள். இந்தியாவின் முன்னணி 1,000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை ஆய்ந்து 2012இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் வந்த கட்டுரை, சுமார் 93 விழுக்காட்டு இயக்குநர்கள் முன்னேறிய சாதியினர் என்றது. பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. செபி இப்போது முன்னணி 1,000 கம்பெனிகளிடம் பொறுப்பு அறிக்கை கேட்கிறது. ஊழியர்களில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று கேட்கிறது, நல்லது. சாதி கேட்பதில்லை. ஆனால் உதவி பெற்றவர்களில் எத்தனை விழுக்காடு விளிம்புநிலை மக்கள் என்று கேட்க இடம் வைத்திருக்கிறது. பார்த்தீர்களா? வாங்குகிறவர் பத்தியில் நாம் தெரிகிறோம். வேலை பார்க்கிறவர், முடிவெடுக்கிறவர் பத்தியில் நம்மை எண்ணுவதே இல்லை.

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். வேலை நேரக் குறைப்பு, நலச் சட்டங்கள், முத்தரப்புப் பேச்சுவார்த்தை என்று உழைத்தார். முதலாளிகள் மனமிரங்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சட்டமாக எழுதவைத்தார். நமக்கும் அதுதான் வழி.

உங்களில் பலர் நாளை இந்த அறிக்கைகளை எழுதும் வேலைக்கே போவீர்கள். போங்கள், அந்த நாற்காலிகளும் நமக்கு வேண்டும். போகும்போது சில கேள்விகளைக் கொண்டுபோங்கள். அறிக்கையில் ஊழியர், அதிகாரி, இயக்குநர் என எல்லா நிலையிலும் சாதிவாரிக் கணக்கு எங்கே? கம்பெனி கெடுத்த மண்ணையும் நீரையும் சரிசெய்யும் செலவு, கடன்போல அதன் கணக்கில் ஏறியிருக்கிறதா? தொழிலாளர்களின் மருத்துவப் பரிசோதனை முடிவுகள் அவர்கள் கையில் இருக்கின்றனவா? 2 விழுக்காட்டைப் பிரிக்கும் மேசையில் தொழிற்சங்கத்துக்கும் கிராம சபைக்கும் நாற்காலி உண்டா?

ஆய்வாளர்களுக்கும் ஒன்று. சமூகப் பொறுப்பும் லாபமும் என்று அடுத்த ஆய்வை எழுத உட்காரும்போது, ஆண்டறிக்கையோடு நீதிமன்ற ஆவணங்களையும் மேசையில் வையுங்கள். அந்த 591 பேரை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று முடிவு செய்த பிறகு கூட்டத் தொடங்குங்கள்.