நூல் அறுந்த இடம்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



பழைய மாணவன் என்றால் மேடையேறி, "கஷ்டப்பட்டுப் படித்தேன், முன்னுக்கு வந்தேன்" என்று சொல்ல வேண்டும் என்பது மரபு. நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு பகுதி உண்டு: ஒரு சமவாய்ப்பு மாறியின் பரவல் தெரியும்; அந்த மாறியை வைத்துச் செய்த இன்னொன்றின் பரவல் என்ன? அதைக் கண்டுபிடி. நான் அதைப் படிக்கவில்லை. சாய்ஸில் விட்டேன். "இதெல்லாம் எங்கப்பா வரப்போகுது" என்று விடுதி மொட்டை மாடியில் தீர்ப்பும் சொன்னேன். வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷமே வந்தது.

எங்கள் வீடு மடவார் வளாகத்தில். வைத்தியநாத சுவாமி கோயில் மணிச் சத்தம் கேட்டு எழுந்து, மில் வண்டியைப் பிடித்து ராஜபாளையம் பக்கம் போய் வேலை பார்த்தவன் நான். இந்த வட்டாரத்துக்கு நூல் புதிதல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தம் இன்றும் கேட்கிறது. நம்மில் பல பேர் வீட்டில் யாராவது ஒருவர் மில்லுக்குப் போயிருப்பார். ஆகவே நூலை வைத்தே சொல்கிறேன்.

நாற்பதாம் நம்பர் நூல் என்கிறோமே, அந்த நம்பர் எப்படி வருகிறது? 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் நம்பர். மில்லில் முழுச் சிட்டத்தை நிறுப்பதில்லை. 120 கஜம், அதாவது ஒரு லீ, எடுத்துக் கிராமில் நிறுப்போம். 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். எடை 1.62 கிராம் என்றால் நாற்பது.

இங்கே கவனியுங்கள். தராசு நமக்குத் தருவது எடை. நமக்கு வேண்டியது நம்பர். எடை லீக்கு லீ மாறுகிறது. அது சமவாய்ப்பு மாறி. நம்பர் அந்த மாறியின் சார்பு. எடையின் பரவல் தெரிந்தால் நம்பரின் பரவலை எப்படி எடுப்பது?

முதல் வழி மிக எளிது. கேள்வியைத் திருப்பிக் கேட்பதுதான். "நம்பர் 40 அல்லது அதற்குக் கீழே இருக்க வாய்ப்பு என்ன?" என்பதும், "எடை 1.62 கிராம் அல்லது அதற்கு மேலே இருக்க வாய்ப்பு என்ன?" என்பதும் ஒரே கேள்வி. எடை கூடினால் நம்பர் குறையும்; அதனால் 'கீழே' என்பது 'மேலே' என்று புரண்டுவிட்டது. பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விடுவது இந்தப் புரளலில்தான். இப்படி ஒவ்வொரு நம்பருக்கும் கேட்டுக்கொண்டே போனால் நம்பரின் பரவல் சார்பு முழுசாகக் கிடைத்துவிடும். அதை வகையிட்டால் அடர்த்திச் சார்பு.

வகையிடும்போது கூடவே ஒரு பெருக்கல் காரணி வந்து நிற்கும். புத்தகம் அதற்கு ஜாக்கோபியன் என்று பெயர் வைத்துப் பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். நாற்பதாம் நம்பரில் லீ எடை 0.01 கிராம் குறைந்தால் நம்பர் கால் மட்டும் ஏறும். எண்பதாம் நம்பரில் லீ எடையே 0.81 கிராம்தான், அதில் அதே 0.01 கிராம் குறைந்தால் நம்பர் 81. ஒரு முழு நம்பர்! எடையில் ஒரே அளவு அசைவு, நம்பரில் ஓரிடத்தில் சுருங்கியும் ஓரிடத்தில் நீண்டும் தெரிகிறது. அந்த நீட்சி சுருக்கத்தைச் சரிக்கட்டத்தான் அந்தக் காரணி.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. ஒரு லீ 1.50 கிராம், இன்னொன்று 1.74 கிராம். சராசரி எடை 1.62, நம்பர் 40 என்று எழுதிவிடலாம். தனித்தனியாகப் போட்டால் 43.2, 37.24, இவற்றின் சராசரி 40.22. சராசரியைச் சார்பில் போடுவது வேறு, சார்பின் சராசரி எடுப்பது வேறு. இதைக் கலந்து எழுதுகிற ரிப்போர்ட் ஒவ்வொரு மில்லிலும் ஒன்றாவது இருக்கும்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஒரு லாட் நூல் வெளியூர் நெசவு ஆலைக்குப் போனது. பாவு ஓட்டும்போது அறுந்து அறுந்து விழுகிறது என்று புகார் வந்தது. எங்கள் கியூ.சி. ரூமில் அரை மீட்டர் நூலைப் பிடித்து இழுத்துப் பலம் பார்க்கும் மெஷின் உண்டு. அதன் ரிப்போர்ட்டில் சராசரி பலம் வழக்கம்போல இருந்தது. "நூல் நன்றாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். நூல் நன்றாக இருந்தால் தப்பு யாருடையது? வைண்டிங்கில் ஒட்டுப் போடுபவருடையது. எங்கள் தெருவிலிருந்து அதே வண்டியில் வரும் ஓர் அக்காவுக்கு மெமோ போனது. பதினைந்து வருஷ சர்வீஸ்.

விசாரணையில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நூல் ஒட்டுல அறுந்துச்சா, வெறும் நூல்ல அறுந்துச்சா? அதை யாராவது பாத்தீங்களா தம்பி?" என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. நானும் பேசவில்லை. அந்த வாரமே அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பழைய பாடப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சாய்ஸில் விட்ட அதே அத்தியாயம்.

நீளமான நூல் என்பது அரை மீட்டர் துண்டுகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அதில் மெலிந்த கண்ணி எதுவோ, அங்கேதான் அறும். ஆக நூலின் பலம் என்பது எல்லாத் துண்டுகளின் பலங்களில் மிகச் சிறியது. அதுவும் ஒரு சார்புதான்! அதன் பரவலை எடுப்பது இன்னும் எளிது. முழு நூலும் தாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டும் தாங்க வேண்டும். ஒரு துண்டு தாங்கும் வாய்ப்பை, எத்தனை துண்டோ அத்தனை முறை பெருக்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் பியர்ஸ் என்பவர் 1926-லேயே பருத்தி நூலுக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். 32 மடங்கு நீள நூலின் சராசரி பலம், ஒரு துண்டின் சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தைப் போல 2.1 மடங்கு கீழே போய்விடும் என்பது அவர் சூத்திரம் தரும் விடை.

கணக்குக்கு வசதியாக இரண்டு லாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சராசரி பலம் 250 கிராம். ஒன்றின் திட்ட விலக்கம் 20, மற்றதற்கு 30. ஏதோ ஓர் இழுப்பில் 160 கிராம் பளு விழுகிறது. இயல்நிலைப் பரவல் என்று கொண்டால், முதல் லாட்டில் ஒரு துண்டு அறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்று சொச்சம். இரண்டாவதில் பத்தாயிரத்தில் பதின்மூன்று சொச்சம். இரண்டுமே சின்ன எண்தானே என்று தோன்றும். ஆனால் 500 மீட்டர் நூலில் ஆயிரம் துண்டு இருக்கிறது. அத்தனை நீளத்துக்கும் அதே பளு விழுந்தால் எங்காவது அறும் வாய்ப்பு முதல் லாட்டில் ஆயிரத்துக்கு மூன்று. இரண்டாவதில் நாலுக்கு மூன்று! சராசரி ஒன்றேதான். பரவல் வேறு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் உண்மையில் ஒன்றையொன்று சாராதவை அல்ல. இயல்நிலைப் பரவலின் வால் நுனியை அப்படியே நம்பவும் கூடாது. ஆகவே இந்த எண்களைப் பைசா சுத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே தேட வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டும் கணக்கு இது.

என் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சராசரிக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே மாறுபாட்டுக் கெழு இருந்தது. வழக்கமாக 8 சதவீதம். அந்த லாட்டில் 12. நான்தான் அச்சிட்டேன், நான்தான் படிக்கவில்லை. லீவு போட்டு அந்த நெசவு ஆலைக்குப் போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து அறுந்த முனைகளைப் பொறுக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பத்தில் ஒன்றுகூட ஒட்டில் அறுந்ததாக இல்லை. எல்லாம் வெறும் நூலில், மெலிந்த இடத்தில். திரும்பி வந்து தேடியபோது சில ரிங் பிரேம்களில் மேல் உருளையின் ரப்பர் தேய்ந்து கிடந்தது. மாற்றினோம். அறுவது குறைந்தது.

இதற்கெல்லாம் மூன்று வாரம் ஆகிவிட்டது. மேனேஜர் நல்ல மனிதர்; மெமோவைக் கிழித்துப் போட்டு அந்த அக்காவை வரச் சொன்னார். நானே போய்ச் சொன்னேன். அவர் அதற்குள் வேறு இடத்தில் சேர்ந்திருந்தார். திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நான் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கணக்கெல்லாம் சரிதான் தம்பி. அதை அன்னைக்கே போட்டிருக்கலாம்ல?"

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

தம்பி தங்கைகளே, இந்தக் கணக்கு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கல்கத்தாவில் மகலனோபிஸ் இரண்டு மக்கள் கூட்டங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்க ஓர் அளவை அமைத்தார். அளவுகளின் சார்பு அது. அதன் துல்லியமான பரவலை 1936-ல் கண்டுபிடித்தவர் ஆர்.சி. போஸ். 1940-ல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் சி.ஆர். ராவிடம் ஆராய்ச்சி செய்த எஸ்.ஆர்.எஸ். வரதன், சராசரியை விட்டு வெகுதூரம் விலகி அரிதாக நடப்பவற்றின் வாய்ப்பை அளக்கும் கோட்பாட்டை வளர்த்தார். 2007-ல் ஏபெல் பரிசு பெற்றார். நூல் அறுவதும் அப்படி அரிதாக நடப்பதுதானே!

கூட்டினால் என்ன பரவல், வகுத்தால் என்ன பரவல், சிறியதை எடுத்தால் என்ன பரவல் என்று மூன்றையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். இப்போது கம்ப்யூட்டர் நொடியில் போட்டுத் தரும். தரட்டும். ஆனால் எந்தச் சார்பைக் கேட்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நான் சராசரியைக் கேட்டேன். மிகச் சிறியதைக் கேட்டிருக்க வேண்டும். அதைப் புத்தகம் இல்லாமலே கேட்டவர் அந்த அக்கா.

நாளை நீங்களும் ஏதாவது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவீர்கள். போடுவதற்கு முன் அறுந்த முனையைக் கையில் எடுத்து ஒரு தரம் பாருங்கள்.