கழுத்து ஸ்கேன்: அறுவைக்கு முன்னும் பின்னும்

 

1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகின்றனர். அதன் கல்லூரி வளாகமே நமது பாகாயத்தில்தான் உள்ளது. நம் வீட்டுப் பெண்களோ கழுத்துக் கட்டியை முக்காட்டுக்குள் மறைத்து நாள் கடத்துகின்றனர். தைராய்டு புற்றுநோய் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல. ஆயினும் அதனை மருத்துவர் சொல்லவேண்டும்.

ஊசிப் பரிசோதனையில் புற்று என்று தெரிந்தபின் கழுத்து முழுவதும் ஸ்கேன் எதற்கு எனச் சிலர் கேட்கின்றனர். அதிகம் காணப்படும் பாப்பில்லரி வகை, பக்கக் கழுத்தின் நெறிக்கட்டிகளுக்குப் பரவும் இயல்புடையது. கைக்குத் தட்டுப்படாததும் ஸ்கேனில் தென்படக்கூடும். முன்பே தெரிந்தால் ஒரே அறுவையில் அகற்றிவிடலாம். தவறினால் மீண்டும் கத்தி வைக்க நேரிடும். தழும்பேறிய இடத்தில் குரல் நரம்பைக் காப்பது கடினம். குர்ஆன் ஓதும் குரலல்லவா அது!

அறுவை முடிந்ததும் சீட்டைப் பரணில் போட்டுவிடுவோரைப் பற்றியே நமது கவலை. நோய் திரும்பினால் பெரும்பாலும் கழுத்திலேயே திரும்பும். ஆகவே 6 முதல் 12 மாதங்களுக்குள் கழுத்து ஸ்கேனும், தைரோகுளோபுலின் இரத்தப் பரிசோதனையும் செய்வது வழக்கம். ஸ்கேன் ஒலியலையால் ஆவது. கதிர்வீச்சில்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம். பெண் மருத்துவரைக் கேளுங்கள். கிடைக்காவிடில், சிகிச்சைக்குத் தேவையான அளவு கழுத்தைத் திறக்க மார்க்கத்தில் இடமுண்டு.

அதற்காகக் குறையேதும் இல்லாதவர் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை. தென்கொரியாவில் பலரும் அவ்வாறு எடுத்ததில், கண்டறியப்பட்ட தைராய்டு புற்றின் விகிதம் 1993-ஐவிட 2011-ல் 15 மடங்காயிற்று. இறப்பு விகிதமோ மாறவில்லை.

மறுபரிசோதனைக்குச் செல்வோர் பழைய ஸ்கேன் அறிக்கைகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.