மகாராணி காலத்து மர்மக்கதையும் யாழ்ப்பாணத்து உறுதிப் பெட்டகமும்

விக்டோரியா மகாராணியின் ஆட்சி 1837இல் தொடங்கி 1901இல் முடிந்தது. அந்தக் காலத்தைக் களமாக வைத்துப் பிற்காலத்தவர் எழுதும் துப்பறியும் கதைகள் வரலாற்று மர்மப் புனைவில் ஒரு தனிக் கிளையாக வளர்ந்திருக்கின்றன. மகாராணி இருந்த நாளிலேயே எழுதப்பட்ட கதைகள் இதில் சேரா. ஷெர்லக் ஹோம்ஸ் ஏறிப் போன குதிரை வண்டி ஆர்தர் கோனன் டொய்லுக்கு வரலாறு அன்று. அது அவர் வாசலில் நின்ற வண்டி. ஆனால் 1970இல் பீற்றர் லவ்சி தம் முதல் நாவலை எழுதியபோது, 1879இல் லண்டனில் நடப்பதாக ஒரு நெடுநடைப் போட்டியைக் கட்டியெழுப்பி, அதற்குள் ஒரு கொலையை வைத்தார். 1979இல் ஆன் பெரி 1881ஆம் ஆண்டு லண்டனுக்குள் இன்ஸ்பெக்டர் பிற் என்பவரை நடமாட விட்டார். இவ்விருவரும் தாம் காணாத ஒரு காலத்தைத் தேடிப் படித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தேட்டத்திலிருந்து பிறப்பதே இந்த வகை எழுத்து.

இதன் வேர் ஒரு உண்மை வழக்கில் இருக்கிறது. லண்டன் மாநகரப் பொலிசில் துப்பறியும் பிரிவு 1842இல் ஏற்பட்டது. அதன் முதல் ஆட்களில் ஒருவர் ஜொனதன் விச்சர். 1860இல் றோட் என்ற கிராமத்து மாளிகையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று கழுத்தறுபட்டுக் கிடந்தது. வீட்டாரைத் தவிர வேறெவரும் இதைச் செய்திருக்க வழியில்லை என்றே விச்சருக்குத் தோன்றியது. அவர் அந்த வீட்டுச் சலவைக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூத்த தாரத்தின் பதினாறு வயது மகள் கொன்ஸ்டன்ஸ் கென்றுக்கு மூன்று இரவு அங்கிகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. காணாமற்போன ஒரு துணி! அதை வைத்து அவர் பெண்ணைக் கைது செய்தார். விச்சரைப் போன்ற ஒரு சாமானியன் கனவான் வீட்டுக் குமரியின் உடுப்பை எண்ணுவதா என்று ஊர் கொதித்தது. பெண் விடுதலையானாள், விச்சரின் பெயர் கெட்டது. ஐந்து ஆண்டு கழித்து, 1865இல், கொன்ஸ்டன்ஸ் தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். வில்கி கொலின்ஸ் 1868இல் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ நாவலில் சாயம் பட்ட இரவு அங்கி ஒன்று துப்பாக வருவது இந்த வழக்கின் எதிரொலி. அந்த நாவலின் வைரம் 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையிடப்பட்டது. ஆங்கிலத் துப்பறியும் நாவல் கண் திறந்தபோதே அதன் கையில் நம் பக்கத்துக் களவுப் பொருள் இருந்திருக்கிறது.

தமிழ்நிலம் மகாராணி காலத்து ஆங்கிலக் கதைகளில் அடிக்கடி தலை காட்டுகிறது. 1890இல் வந்த கோனன் டொய்லின் ‘நால்வர் குறி’ கதையில் கொள்ளைப் பொருளோடு வாழும் இராணுவக்காரர் தம் வீட்டுக்குப் புதுச்சேரியின் பெயரை வைத்திருக்கிறார். 1891 ஜூலையில் வந்த ஹோம்ஸ் சிறுகதையில், திருகோணமலையில் அற்கின்சன் சகோதரருக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை அவர் துலக்கினார் என்று ஒரே ஒரு வரி வருகிறது. என்ன துயரம், எப்படித் துலக்கினார் என்பதைக் கோனன் டொய்ல் கடைசிவரை எழுதவேயில்லை. அதே 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ என்ற தமிழ் நாவல் அச்சேறியது என்பதை இங்கே சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். 1895இல் திருகோணமலைக்காரரான த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையில் நூலகப் பணியில் இருந்தபடி, நாயக்கர் காலத்தைக் களமாக்கி ‘மோகனாங்கி’யை எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் அதுவே. அதற்கு முந்திய ஆண்டில் பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற பொலிஸ் நிபுணனைத் தமிழுக்குத் தந்தார். வரலாற்று நாவலும் துப்பறியும் கதையும் ஓராண்டு இடைவெளியில் தமிழில் பிறந்தும், இரண்டும் நெடுநாள் தனித்தனி வழியே போயின. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இல் வந்து துப்பறியும் கோவிந்தனைப் புகழ்பெற வைத்தது. அதுவும் சமகாலக் கதையே.

வரலாற்று மர்மக்கதை நிற்பதும் விழுவதும் ஒரே இடத்தில்தான். குற்றமும் அதன் துலக்கமும் அந்தக் காலத்தில் மட்டுமே நடக்கக்கூடியனவாக இருக்கவேண்டும். தலைப்பாகையும் குதிரை வண்டியும் எண்ணெய் விளக்கும் வைத்துவிட்டால் காலம் வந்துவிடாது. கொலைக்கான காரணம் அந்தக் காலச் சட்டத்திலிருந்து முளைக்கவேண்டும். துப்பு அந்தக் காலக் கருவியால் பிடிபடவேண்டும். இங்கிலாந்துக் கதைகளில் மரண சாசனமும் மனைவியின் சொத்தும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. 1870இலும் 1882இலும் சட்டங்கள் வரும்வரை அங்கே மணமான பெண்ணின் சொத்துக் கணவன் கையில் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் நிலை வேறு. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை மகாராணி காலம் முழுவதும் இங்கே சட்டமாக நின்றது. பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகைப்பட்டது. சீதனம் பெண்ணுடையது, ஆனாலும் கணவனின் சம்மதம் இல்லாமல் சீதனக் காணியை அவள் விற்க முடியாது. தேடியதேட்டத்தில் பாதி அவளுக்கு. காணியை விற்பதென்றால் பங்காளிக்கும் எல்லைக் காணிக்காரனுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். ஒற்றிக்குக் கொடுத்த காணி மீளாமலே இரண்டு தலைமுறை போகும். ஒரு வேலித் தகராறு, ஒரு ஒற்றி, பிள்ளையில்லாமல் இறந்த மனைவியின் சீதனம் திரும்பத் தாய்வழிக்குப் போகவேண்டிய கட்டாயம்: இவற்றில் எதிலிருந்தும் ஒரு கொலை கிளம்பும். லண்டன் கதைக்காரருக்குக் கிடைக்காத கரு இது.

1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. அதன்படி காணி கைமாற வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் கையொப்பமிட, உறுதி எழுதப்படவேண்டும். களவைத் தடுக்க வந்த சட்டம் கள்ள உறுதிக்கும் ஒரு வடிவத்தைக் கொடுத்தது. ஒரு வீட்டுப் பெட்டகத்தைத் திறந்தால் பழுப்பேறிய உறுதிகள் கட்டுக் கட்டாக இருக்கும். ஒவ்வொன்றிலும் திகதி, நொத்தாரிசின் பெயர், எல்லைகள், சாட்சிகளின் கையெழுத்து, எழுதத் தெரியாதவர் போட்ட அடையாளம் எல்லாம் உண்டு. துப்பறிவோன் கேட்கவேண்டிய கேள்விகளும் அந்தத் தாளிலேயே கிடக்கின்றன. அன்று அந்தச் சாட்சி ஊரில் இருந்தானா? 1866, 1867 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைச் சூறையாடிய வாந்திபேதியில் அவன் அதற்கு முன்பே இறந்துவிட்டானா? நொத்தாரிசு தன்னிடம் வைத்திருக்கும் பிரதியும் இதுவும் ஒன்றுதானா? றோட் மாளிகையின் சலவைக் கணக்கு விச்சருக்குச் செய்த வேலையை இங்கே ஒரு உறுதி செய்யும்.

நஞ்சுக் கதைக்கும் யாழ்ப்பாணத்தில் தக்க இடம் உண்டு. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் பாஷாணத்தைக் கண்டறியும் சோதனையை வெளியிட்டார். ஐயத்துக்குரிய பொருளை நாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் ஒரு வாயு எழும். அந்த வாயுவைக் கொளுத்தி, சுவாலையில் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், பாஷாணம் இருக்குமிடத்தில் கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்புப் படலம் படியும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் தமிழில் வந்தது. ஆகவே 1870களில் மானிப்பாயில் படித்த ஒரு மாணவன் தமிழில் சிந்தித்து இரசாயனச் சோதனை செய்வது கதைக்காரரின் கற்பனையாகவே இருந்தாலும் பொய்யாகாது. அந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு: அது பாஷாணத்தைக் காட்டும், ஊமத்தையைக் காட்டாது. அந்த எல்லையை அறிந்த கொலைகாரன் ஒரு பரிகாரியாகவோ, பரிகாரி வீட்டு வேலையாளாகவோ இருக்கலாம்.

நேரக் கணக்கு இன்னொரு சிக்கல். லண்டன் கதைகளில் புகையிரத நேரசூசியை வைத்து ஒருவன் தான் அங்கே இல்லை என்று நிறுவுவான். யாழ்ப்பாணத்தில் மகாராணி காலம் முழுவதும் புகையிரதமே இல்லை. பட்டினத்து மணிக்கூட்டுக் கோபுரமும் 1875இல் இலங்கை வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாகப் பின்னர் எழுந்ததுதான். அதற்கு முன் கிராமத்துச் சாட்சி நேரத்தைக் கோயில் மணியாலும் நாழிகையாலும் விடிவெள்ளியாலும் சொல்வான்; ஆங்கில நீதிபதி அதை மணியாக மாற்றி எழுதிக்கொள்வார். அந்த மாற்றத்துக்குள் ஒரு மணி நேரம் காணாமற்போகலாம்.

குடாநாட்டை விட்டு ஓடுவோனுக்கு ஆனையிறவுத் தரைவழி ஒன்று, மற்றது நீரேரி. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையிலிருந்து நீரேரியைக் கடந்தால் பூநகரி. சோளகம் வீசும் மாதங்களில் பாய்மரத் தோணி பூநகரிக்குப் போகக் காற்றோடு மல்லுக்கட்டவேண்டும். திரும்பி வருவது சுகம். வாடையில் நிலை மாறும். இரவு புறப்பட்டு விடியமுன் திரும்பிவிட்டேன் என்று சத்தியம் செய்பவனை அந்த மாதத்துக் காற்றை அறிந்த ஒரு தோணிக்காரன் ஒரே சொல்லில் மடக்குவான். புகையிரத நேரசூசியைவிடக் கூர்மையான துப்பு இது.

துப்பறிவது யார் என்பதே கடினமான கேள்வி. 1865இல் பொலிஸ் சட்டம் வந்த பின்னும் கிராமத்தில் விதானையும் உடையாரும் மணியகாரனுமே அதிகாரம். மேலே கச்சேரியில் ஏசண்டர் துரை எனப்பட்ட அரசாங்க அதிபர். பேர்சிவல் அக்லண்ட் டைக் 1829 முதல் 1867இல் இறக்கும்வரை வடமாகாணத்தை ஒரு சிற்றரசன்போல் ஆண்டார். கொழும்புத்துறைக்கு அருகே உள்ள பழைய பூங்கா அவர் வாழ்ந்த இடம். அவருக்குப் பின் 1896வரை அந்தப் பதவியில் இருந்தவர் துவைனம். அப்படி ஒருவரைத் துப்பறிவோனாக வைத்தால் சாட்சி சொல்பவன் நடுங்கிக்கொண்டு பாதியைத்தான் சொல்வான். விதானையை வைத்தால் அவனே ஒரு தரப்பின் உறவினனாக, சாதிக் கட்டுக்குள் நிற்பவனாக இருப்பான். அடிமைமுறை 1844இல் ஒழிந்தாலும் குடிமைகள் ஒழியவில்லை. ஒடுக்கப்பட்டவனின் சாவு விசாரணைக்கே வராமல் போயிருக்கும். இந்த உண்மையை ஒளிக்கும் கதை எத்தனை சாமர்த்தியமாகத் துப்பு வைத்தாலும் பொய்க்கதைதான். ஜெயமோகனின் ‘வெள்ளையானை’ (2013) இதை நேர்மையாகத் தொட்டது. தாது வருஷப் பஞ்சத்துச் சென்னையில், ஐஸ் ஹவுஸ் தொழிலாளருக்கு நேர்ந்ததை ஏய்டன் என்ற வெள்ளை அதிகாரி தேடிப் போகிறான். யார் செய்தது என்பது தெரிந்த பின்னும் நீதி கிடைக்காத இடத்தில் அந்தத் தேடல் போய் முட்டுகிறது. மர்மக்கதையாக எழுதப்படாத அந்த நாவல் மர்மக்கதைக்காரர் படிக்கவேண்டிய முதல் நூல்.

1895இல் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டம் வந்து சாட்சியத்துக்கு வரம்பு வகுத்தது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணிமனை திறந்தது. 1901இல் ஸ்கொட்லன்ட் யார்ட் அதைப் பின்பற்றியது. அவ்வாண்டு ஜனவரியில் மகாராணி காலமானார். 1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்குப் புகையிரதம் ஓடியது. 1905இல் பாதை கொழும்போடு இணைந்தது. சாட்சியின் வாக்கையும் தோணிக்காரனின் காற்றறிவையும் நம்பியிருந்த விசாரணை அத்தோடு கைரேகைக்கும் நேரசூசிக்கும் மாறத் தொடங்கியது.